பிரேக்கில் ஏர்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பேட் மாற்றுவது பற்றிப் போன இதழில் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "பார்ட்ஸ் எல்லாம் புதுசு, பெடல் மட்டும் மெத்து மெத்தென்று போகிறது." அதனால் இந்த முறை முழுக்க பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் விவகாரம்தான். புதியவர்களுக்கு ஒரு வரி: பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், அதற்கு ஆயில் கொடுப்பது மேலே இருக்கும் டப்பா, வீலில் பேட்டை டிஸ்க்கோடு அமுக்குவது காலிபர், காற்றை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு நிப்பிள். கிளட்ச், கியர் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரின் முன்பக்கக் காலிபர் இரண்டையும் நானே புதிதாக மாற்றினேன். ஒரு லிட்டர் பிரேக் ஆயில் செலவழித்து ஏர் எடுத்தாகிவிட்டது. டியூபில் இப்போது ஒரு குமிழிகூட வருவதில்லை. ஆனாலும் முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வந்து நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். முதலில் வீலைக் கழற்றிவிட்டு, காலிபரில் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே இருந்தால் வலது காலிபரை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருக்கிறீர்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். போல்ட் துளை பொருந்தும், பேட் உட்காரும், டிஸ்க் சுற்றும். எதுவும் காட்டிக்கொடுக்காது. பெடல் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

நடப்பது இதுதான். கவிழ்த்த டம்ளரைத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று அப்படியே நிற்கும் அல்லவா, அதே கதை. காலிபரின் மேல் மூலையில் காற்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஊற்றும் ஆயில் ஹோஸ் வழியாக வந்து, அந்தக் காற்றைத் தொடாமலே கீழே இருக்கும் நிப்பிள் வழியாக வெளியே போய்விடும். ஒரு லிட்டர் அல்ல, பத்து லிட்டர் ஊற்றினாலும் டியூபில் சுத்தமான ஆயில்தான் வரும். குமிழி வரவில்லை என்றால் ஏர் இல்லை என்று அர்த்தமில்லை. அந்த வழியில் ஏர் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டுங்கள். ஹோஸ் போல்ட்டில் இரண்டு பக்கமும் வருகிற செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழையது ஒருமுறை நசுங்கியது, திரும்ப நசுங்காமல் கசியும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். அப்புறம் ஏர் எடுத்தால் புஸ் புஸ்ஸென்று வரும்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால் வேறு மாதிரி தேட வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஒரே அழுத்தமாக, நடுத்தர பலத்தில் மிதித்துப் பிடியுங்கள். பிடித்த இடத்தில் நிற்காமல் கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், ஒன்று எங்கோ வெளியே கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் ஆயிலைப் பின்னால் விடுகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட வேண்டும். கால் இறங்காமல், ஆனால் மெத்தென்று திருப்பித் தள்ளினால் அது காற்று, அல்லது ஊதிப்போன பழைய ஹோஸ். பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்பக் கீழே போய்க் கெட்டியாகிறது என்றால் அது ஏரே இல்லை. பின்பக்க டிரம்மில் ஷூ தள்ளி நிற்கிறது. அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் லேசாக உரசும்வரை கொண்டுவந்து ஒரு பல் பின்வாங்குங்கள். இந்த மூன்று பெடலையும் கால் பிரித்துச் சொல்லிவிடும். அதைக் கேட்காமல் பார்ட்ஸ் கடைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: பேட் மட்டும்தான் மாற்றினேன். குழாய் எதையும் கழற்றவில்லை. வண்டியை எடுத்ததும் பெடல் தரைவரை போய் உயிரே போய்விட்டது. ஏர் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புதுப் பேட் தடிமன் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேட்டைத் தொடும்வரை பெடலில் ஒன்றுமே இருக்காது. வேலை முடிந்ததும், வண்டி நின்ற இடத்திலேயே, பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சாவியைத் தொட வேண்டும். ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்துச் சுவரில் இடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் உயிரோடு கடிதம் எழுதியதில் மகிழ்ச்சி.

இன்னொன்று. பிஸ்டனைத் தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும். இடையில் யாராவது "குறைகிறதே" என்று ஊற்றி நிரப்பி வைத்திருந்தால் வழிந்து கீழே கொட்டும். பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் இறங்குவது இயல்புதான்.

கேள்வி: என் கணவர் நிப்பிளைத் திறப்பார், நான் பெடலை மிதிப்பேன். ஒவ்வொரு முறையும் சண்டையில்தான் முடிகிறது. "விடு" என்று அவர் சொல்வது எனக்குச் சொல்கிறாரா, ஸ்பேனருக்குச் சொல்கிறாரா என்றே புரிவதில்லை. சரியான முறை என்ன? எந்த வீலில் ஆரம்பிக்க வேண்டும்?

பதில்: அம்மா, சண்டைக்குக் காரணம் ஒரே வார்த்தையை இரண்டு பேரும் பயன்படுத்துவதுதான். எங்கள் ஷெட்டில் மூன்று சொல் மட்டும்தான். நிப்பிள்காரர் "அமுக்கு" என்பார்; நீங்கள் பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு "பிடிச்சாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார், ஆயில் வரும், உங்கள் கால் தானாக இறங்கும். இறங்கும்போது தூக்கக் கூடாது. அவர் நிப்பிளை மூடிவிட்டு "மூடியாச்சு" என்று சொன்ன பிறகுதான் கால் மேலே வரும். இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நிப்பிள் திறந்திருக்கும்போது கால் எடுத்தால், வெளியே போன காற்று வந்த வழியே உள்ளே வந்துவிடும். "விடு" என்ற சொல்லை அன்றைக்கு வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

வேகமாகப் பத்துத் தடவை அடித்துவிட்டுப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தேவையில்லை. அடிக்க அடிக்கப் பெரிய குமிழி உடைந்து நுரையாகும். நுரையை எடுப்பது பெரும்பாடு. மெதுவாக ஒரு மிதி, ஒரு மூச்சு இடைவெளி, அடுத்த மிதி போதும்.

வண்டி பழசு என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், பெடல் தரையைத் தொடாதபடி. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய் வருகிறது. அதற்கு அப்பால் இருக்கும் சுவரில் வருஷக்கணக்கில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று தரைவரை மிதித்தால் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் ஏறி இறங்கிக் கிழியும். "நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்ததும் போய்விட்டது" என்று வருகிறவர்கள் பலருக்கும் நடந்தது இதுதான்.

நிப்பிளில் மாட்டுவது ஒளி ஊடுருவும் டியூபாக இருக்கட்டும். மறுமுனை ஒரு பாட்டிலில், கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கி இருக்க வேண்டும். டியூபை நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி வளைத்து, அப்புறம் கீழே கொண்டுபோங்கள். காற்று மேலே ஏறி விலகிப் போகும், எத்தனை குமிழி வருகிறது என்றும் தெரியும். மேலே டப்பாவை ஒவ்வொரு நாலைந்து மிதிக்கும் ஒருமுறை பாருங்கள். டப்பா காலியானால் மாஸ்டர் சிலிண்டரே காற்றை இழுத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எந்த வீல் முதலில் என்பதற்கு, மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தூரத்தில் இருக்கும் வீலில் தொடங்கி, கிட்டத்தில் இருப்பதில் முடி என்பது பழைய கணக்கு. டிரைவர் வலது பக்கம் என்றால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஆனால் எல்லா வண்டிக்கும் இது வேதம் இல்லை. முன்வீல் இழுக்கும் கார்கள் பலவற்றில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும்: ஒரு முன் வீலும் எதிர்ப் பின் வீலும் ஒரு லைன். அதற்கேற்ப வரிசை மாறும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வந்த பிறகு முன் வீலில் தொடங்கச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஒரே ஒரு காலிபரைத்தான் கழற்றினீர்கள், டப்பாவும் காலியாகவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ஒரு வீலில் எடுத்தாலே போதும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. சில வண்டிகளில், முக்கியமாக வேன், பிக்கப் வகையில், பின் ஆக்சிலுக்கு மேலே சுமைக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு இருக்கும். ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால், "வண்டியில் சுமையே இல்லை" என்று அந்த வால்வு ஆயிலைக் குறைத்துவிடும். பின்னால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று தவிக்கிறவர்கள் ஆக்சில் அடியில் ஸ்டாண்ட் கொடுத்து வண்டியின் எடையை அதன் மேல் இறக்கிப் பாருங்கள்.

இந்தத் தொல்லைக்கு வயது நூறு தாண்டிவிட்டது, தெரியுமா? 1921-ல் டியூசன்பெர்க் மாடல் ஏ காரில் நாலு வீலுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. அன்றைக்கே யாரோ ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துக் கத்தியிருப்பார்.

கேள்வி: டாட் 3, டாட் 4, டாட் 5 என்று போட்டிருக்கிறதே, எண் பெரிதானால் நல்லதா? போன வருஷம் பாதி உபயோகித்த டப்பா வீட்டில் இருக்கிறது. மூடித்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: அந்தப் பாதி டப்பாவை மறந்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. திறந்து வருஷக்கணக்கில் வைத்ததை ஊற்றினால், ஏர் எடுத்த கையோடு தண்ணீரை உள்ளே விட்ட மாதிரிதான்.

ஏன் தண்ணீர் ஆகாது என்றால், பிரேக் பிடிக்கும் சூட்டில் ஆயில் கொதிக்கக் கூடாது. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் காற்று போலவே அமுங்கும். நீளமான மலை இறக்கத்தில் திடீரென்று பெடல் போவது இப்படித்தான். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தத் தரமே 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. டாட் 5.1-க்கு 260, ஈரம் சேர்ந்தால் 180. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வண்டி ஷெட்டில் தூங்கினாலும் ஆயில் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

டாட் 5 தனி ஜாதி. அது சிலிக்கான். மற்ற மூன்றும் கிளைகால் வகை, அவசரத்துக்கு ஒன்றோடு ஒன்று கலந்தால் குடி முழுகாது. டாட் 5-ஐ அவற்றோடு கலக்கவே கூடாது, ஏபிஎஸ் வண்டியிலும் ஊற்றக் கூடாது. டாட் 5-ம் டாட் 5.1-ம் அண்ணன் தம்பி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். வண்டியில் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடி மேலேயே உங்கள் வண்டிக்கு எது என்று எழுதியிருக்கும்.

கேள்வி: டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது. வீட்டில் இருந்த பவர் ஸ்டியரிங் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டேன். "கொஞ்சம்தானே" என்கிறார் அண்ணன்.

பதில்: அண்ணனுக்கு எதிலும் தைரியம் அதிகம் போலிருக்கிறது. வண்டியை நகர்த்தாதீர்கள். பெடலையும் மிதிக்காதீர்கள். பிரேக்கில் இருக்கும் ரப்பர் பிரேக் ஆயிலுக்கென்றே செய்தது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பெடலை மிதிக்காமலிருந்தால் அது டப்பாவோடு நிற்க வாய்ப்பு இருக்கிறது; சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓட்டியாகிவிட்டது என்றால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர், காலிபர், ஹோஸ்வரை ரப்பர் இருக்கிற அத்தனையும் மாற்ற வேண்டிவரும். டப்பா மூடியின் அடியில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது ஊதி நெளிந்து, திரும்ப அதன் இடத்தில் உட்கார மறுத்தால் உள்ளேயும் அதே கதிதான்.

கேள்வி: தனியாகச் செய்யலாம் என்று கையால் உறிஞ்சும் வேக்குவம் பம்ப் வாங்கினேன். குமிழி வந்துகொண்டே இருக்கிறது, நிற்பதே இல்லை. எவ்வளவு ஆயில் ஊற்றுவது?

பதில்: அந்தக் குமிழியில் பெரும்பாலானவை பிரேக்கிலிருந்து வருவது இல்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்றைப் பம்ப் இழுக்கிறது. வரிசையாக, ஒரே அளவில், பொடிப்பொடியாக வந்தால் அது மரைக் காற்று. உள்ளேயிருந்து வருவது விட்டு விட்டு, பெரிதும் சிறிதுமாக வரும். நிப்பிளை முழுதாகக் கழற்றி, மரையில் மட்டும் டெஃப்லான் டேப் ஒரு சுற்றுப் போட்டு மாட்டிப் பாருங்கள், குறையும். கூம்பு முனையிலும் பக்கத் துளையிலும் டேப் படக் கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வம்பு. எப்படியும் கடைசி நாலைந்து மிதி, ஆளை வைத்துப் பெடலால் எடுத்துவிடுங்கள். என் கை அதைத்தான் நம்புகிறது.

பம்பே இல்லாமல் ஒரு வழி உண்டு: டப்பாவை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, நிப்பிளைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருப்பது. ஆயில் தன் எடையிலேயே சொட்டும். மெதுவாகத்தான் போகும், ஆனால் நுரை வராது, ரப்பர் கிழியாது. டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை மட்டும் வேண்டும். புது ஹோஸ், புது காலிபர் போட்டால் நான் முதலில் இப்படிச் சொட்டவிட்டுத்தான் பெடலுக்குப் போவேன்.

கேள்வி: பைக்கின் முன் டிஸ்க்குக்குப் புது மாஸ்டர் சிலிண்டரும் ஹோஸும் மாற்றினேன். லிவரை எவ்வளவு அடித்தாலும் உயிரே இல்லை. காலிபர் நிப்பிளில் ஆயில் ஒரு சொட்டும் வரவில்லை.

பதில்: தம்பி, பைக்கில் லிவர் ஒரு அடிக்குத் தள்ளும் ஆயில் ரொம்பக் கொஞ்சம். காலியான மாஸ்டர் சிலிண்டரில் அது காற்றைத்தான் அமுக்கும். லிவரை விட்டால் அதே காற்று திரும்ப விரியும். ஆயில் நகரவே நகராது. கீழே இருக்கும் நிப்பிளோடு மல்லுக்கட்டுவதை விட்டு மேலே வா.

டேங்க்கின் மேல் ஈரத் துணி போர்த்திக்கொள். டப்பா மூடியைத் திறந்து உள்ளே அடிப்பக்கம் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். லிவரை முழுதாக அல்ல, முதல் கால் பங்கு மட்டும், மெதுவாகத் தட்டித் தட்டி விடு. அந்தத் துளையிலிருந்து பொடிக் குமிழிகள் வரும். வருவது நிற்கும்வரை தட்டு. முழுதாக இழுத்தால் பிஸ்டன் அந்தத் துளையைத் தாண்டிப் போய்விடும், காற்றுக்கு வழி இருக்காது. டப்பா திறந்திருக்கும்போது லிவரைப் பட்டென்று விடாதே. ஆயில் ஊற்றுப்போலக் கண்ணில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்.

அடுத்தது, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட். பல பைக்கில் மொத்த லைனிலும் உயரமான இடம் அதுதான், காற்று போய் ஒளிவதும் அங்கேதான். ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார், எந்தப் பக்கம் திருப்பினால் டப்பா அந்தப் போல்ட்டை விட உயரமாக வருகிறதோ அப்படி வை. துணியைச் சுற்றி, லிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்து, நுரை வந்ததும் இறுக்கு, அப்புறம் லிவரை விடு. நிப்பிளுக்குச் சொன்ன அதே ஒழுங்கு. இரண்டு மூன்று முறை செய்தால் லிவரில் முதல் எதிர்ப்பு தெரியும். அதற்குப் பிறகு கீழே நிப்பிளில் வழக்கம்போல எடு.

இதற்கும் மசியவில்லையென்றால் தலைகீழாகச் செய்: சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து, டியூபிலும் காற்று இல்லாமல் பார்த்துக்கொண்டு, காலிபர் நிப்பிளிலிருந்து மேல்நோக்கி மெதுவாக ஏற்று. காற்று தானாகவே மேலே போக ஆசைப்படுவது. அதன் போக்கிலேயே தள்ளிவிடுகிறோம். டப்பா நிரம்பி வழியாமல் மேலே ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பழைய அழுக்கு ஆயில் இருக்கும் லைனில் இதைச் செய்யாதே, அழுக்கெல்லாம் மாஸ்டர் சிலிண்டருக்கு ஏறும்.

ராத்திரி முழுக்க லிவரைக் கயிறு போட்டுக் கட்டிவைப்பது பலன் தருமா என்று பலர் கேட்கிறார்கள். தரும். அழுத்தத்தில் குமிழி சிறுத்து, ஒட்டிய இடத்தை விட்டு மேலே நகரும். காலையில் கட்டை அவிழ்த்ததும் டப்பாவுக்குள் போய்விடும். ஆனால் அது மிச்சம் மீதிக்கு. லிவரில் உயிரே இல்லாதபோது கட்டிவைத்து ஒரு பயனும் இல்லை.

கேள்வி: பின் வீலில் நிப்பிள் துருப்பிடித்து அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி மூலையெல்லாம் உருண்டுவிட்டது. பெரிய பைப் போட்டு நெம்பட்டுமா?

பதில்: நெம்பினால் முறியும். நிப்பிள் உள்ளே துளை போன மெல்லிய பொருள். வீல் நட்டை 100 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம் இறுக்குகிறோம் என்றால் இதற்குப் பத்தை ஒட்டித்தான் வரும். மூடும்போதும் இதை நினைவில் வையுங்கள். சீல் ஆவது பலத்தால் அல்ல, கூம்பு முனை உட்காருவதால்.

துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நிப்பிளின் துளைக்குள் சரியாகப் பொருந்தும் ஒரு டிரில் பிட்டின் தண்டுப் பக்கத்தைச் செருகுங்கள். இனி நெளிந்தாலும் உள்ளே மடங்காது. சின்னச் சுத்தியால் தலையில் டொக் டொக்கென்று நிறையத் தட்டுங்கள், பலமாக வேண்டாம். ஆறு மூலை சாக்கெட் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, அப்புறம் தளர்த்தும் பக்கம். இறுக்கும் பக்கம் எதற்கு என்று சிரிப்பார்கள். துரு உடைவது பெரும்பாலும் அங்கேதான். கேஸ் விளக்கால் சூடு காட்டுவது கடைசி வழி, ரப்பர் பக்கத்திலேயே இருப்பதால் வீட்டில் வேண்டாம் என்பேன்.

இனி ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் லைனில் எதைக் கழற்றுவதானாலும், முதல் வேலையாக நிப்பிள் திறக்கிறதா என்று பாருங்கள். ஹோஸைக் கழற்றிவிட்டு, ஆயிலெல்லாம் ஓடிவிட்ட பிறகு நிப்பிள் திறக்கவில்லை என்றால் வண்டி ஜாக்கியிலேயே தங்கிவிடும். திறந்த நிப்பிளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். அது இல்லாததால்தான் உள்ளே தண்ணீர் நின்று துருப்பிடித்தது.

கேள்வி: ஏபிஎஸ் உள்ள கார். வேலை நடக்கும்போது டப்பா காலியாகிவிட்டது. வீட்டில் ஏர் எடுத்தால் சரியாகுமா?

பதில்: பாதிப் பேருக்குச் சரியாகிவிடும், பாதிப் பேருக்கு ஆகாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் சாதாரண நேரத்தில் மூடியே இருக்கும் வால்வுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் காற்று போய்விட்டால் நீங்கள் பெடலை மிதித்து அதைத் தொட முடியாது. ஸ்கேனர் மாட்டி, பம்பையும் வால்வையும் ஓடவிட்டுக்கொண்டே ஏர் எடுக்க வேண்டும். முதலில் வழக்கம்போல நாலு வீலிலும் எடுத்துப் பாருங்கள். பெடல் கெட்டியாகிவிட்டால் பிழைத்தீர்கள். மெத்தென்றே இருந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் பிரேக்கைக் கம்ப்யூட்டரே இயக்கும் வகை என்றால் நிப்பிளைத் தொடவே தொடாதீர்கள். சிலவற்றில் சாவி போடாமலே, கதவைத் திறந்தால்கூடப் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். லைனில் இருக்கும் அழுத்தம் விரலைப் பதம் பார்க்கும்.

கேள்வி: எல்லாம் முடித்தாகிவிட்டது. ரோட்டுக்கு எடுக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். மிதித்தபடியே இன்ஜினைப் போட்டால் கொஞ்சம் இறங்கும். அது மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வது, பயப்பட வேண்டாம். அந்த நிலையில் அவசரத்துக்கு மிதிக்கிற பலத்தோடு மிதித்து அரை நிமிஷம் பிடியுங்கள். இன்னொருவர் டார்ச்சோடு நாலு வீலிலும் ஹோஸ் போல்ட், நிப்பிள் எல்லாம் பார்க்கட்டும். துடைத்த இடம் ஈரமானால் அங்கே கசிகிறது. அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பத்துமுறை பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு வீலில் இன்னும் வேலை பாக்கி. மறுநாள் காலையில் முதல் மிதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் முதல் மிதி பொய் சொல்லாது.

கேள்வி: பிரேக் ஆயில் பானெட்டில் சிந்திவிட்டது. துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டேன், பெயின்ட்டுக்கு ஆபத்தில்லையே?

பதில்: தேய்த்ததுதான் ஆபத்து. தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்; பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து போய்விடும். இப்போதாவது சோப்புத் தண்ணீர் போட்டு நிறைய ஊற்றுங்கள். பெயின்ட் ஏற்கெனவே சுருங்கிக் கொப்பளித்திருந்தால் நீங்கள் எழுத வேண்டிய பகுதி இது இல்லை, பெயின்டர் பகுதி.